35-வது பிறந்தநாளில் ஏறும் 20 மதிப்பெண்: மாடம்பாக்கம் டு ஓஎம்ஆர் ஓடுபவர்கள் சர்க்கரையைத் தள்ளிப்போட முடியுமா?

காலை 7.45 மணி. மாடம்பாக்கம் மெயின் ரோட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பை நோக்கி பைக்குகளும் ஆபீஸ் கேப்களும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இடது பக்கம் திரும்பினால் தாம்பரம் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. வலது பக்கம் திரும்பினால் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர், ஓஎம்ஆர். வீட்டில் அவசரமாக விழுங்கிய இரண்டு இட்லியோ, ஆபீஸ் போய் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட டிபனோதான் பலருக்கும் காலை உணவு.

இரவு 9.30-க்கு அதே சாலையில் எதிர்த்திசையில் திரும்பி வரும்போது, வீட்டு வாசலில் உணவு டெலிவரி செய்பவரும் வந்து நிற்பார். சாப்பிட்டு முடிக்க பத்தரை. அப்புறம் கொஞ்ச நேரம் போன். தூங்கும்போது பன்னிரண்டரை.

"நாளைல இருந்து வாக்கிங் போறேன்" என்ற வசனம் இந்த வீடுகளில் வாரம் ஒருமுறையாவது கேட்கும். "எங்க டைம் இருக்கு?" என்ற பதிலும் கூடவே வரும்.

இந்த வாழ்க்கை உடலை என்ன செய்யும், எவ்வளவு மாற்றினால் போதும் என்ற கேள்விகளுக்குப் பதில் தேட வெளிநாட்டு டயட் புத்தகம் தேவையில்லை. சென்னை மருத்துவர்களே இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எண்களோடு பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு டேப், நான்கு கேள்வி

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த டாக்டர் வி.மோகன் குழுவினர், 2005-ல் ஒரு எளிய கணக்கை வெளியிட்டார்கள். 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' என்று அதற்குப் பெயர். ரத்தப் பரிசோதனை வேண்டாம். தையல் டேப் ஒன்று இருந்தால் போதும். சென்னை மக்களிடம் எடுத்த 'க்யூர்ஸ்' என்ற பெரிய ஆய்வின் தரவுகளிலிருந்து உருவாக்கப்பட்டது இது.

கேள்விகள் நான்குதான்.

• வயது: 35-க்குக் கீழே என்றால் 0. 35 முதல் 49 வரை 20. 50-ம் அதற்கு மேலும் 30.

• இடுப்பளவு: ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழே, பெண்களுக்கு 80-க்குக் கீழே என்றால் 0. ஆண்களுக்கு 90 முதல் 99 வரை, பெண்களுக்கு 80 முதல் 89 வரை 10. அதற்கு மேல் 20.

• உடலுழைப்பு: கடுமையான உடலுழைப்பும் முறையான உடற்பயிற்சியும் சேர்ந்து இருந்தால் 0. இரண்டில் ஒன்று இருந்தால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் கிடையாது என்றால் 30.

• குடும்பம்: பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20.

கூட்டுத்தொகை 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக அபாயம். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழே குறைவு.

உதாரணத்துக்கு, 34 வயது சாஃப்ட்வேர் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பு 94 செ.மீ. (10). நாள் முழுக்க நாற்காலி, உடற்பயிற்சி இல்லை (30). அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு (10). மொத்தம் 50. 'பரவாயில்லையே' என்று தோன்றும்.

அடுத்த மாதம் அவருக்கு 35-வது பிறந்தநாள். ஆபீஸில் கேக் வெட்டுகிறார்கள். அன்றைக்கு அவர் உடம்பில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் வயதுக் கட்டத்தில் 20 ஏறி, மொத்தம் 70 ஆகிவிடும். ஒரே நாளில் 'அதிக அபாயம்' பட்டியலில் பெயர்.

இந்த நான்கில் வயதை மாற்ற முடியாது, பெற்றோரையும் மாற்ற முடியாது. கையில் இருப்பது இரண்டுதான்: இடுப்பும், அசைவும். அதே நபர் ஒழுங்காக உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தால் 10 குறையும். இடுப்பு 90-க்குக் கீழே வந்தால் இன்னொரு 10. 70 மறுபடி 50-க்கு வந்துவிடும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பேன்ட் சைஸ் வேறு, இடுப்பளவு வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சு விட்டபடி அளக்க வேண்டும். பேன்ட்டில் 34 போடுபவருக்கு டேப்பில் 37 அங்குலம் காட்டுவது சகஜம்.

மதிப்பெண் 60-ஐத் தாண்டினால் சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

'பார்டர்ல இருக்கு' என்றால் என்ன?

ரிப்போர்ட் வந்ததும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை: "பார்டர்லதான் இருக்கு, பிரச்சினை இல்ல." மருத்துவர்கள் இதை 'முன் நீரிழிவு நிலை' என்கிறார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி. வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறைப்படி அது முன் நீரிழிவு.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் மதிப்பீட்டின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. பார்டரில் இருப்பவர்கள் அதைவிட அதிகம்: 13.6 கோடி பேர்.

பார்டரில் இருப்பவர் எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இதற்குத்தான் சென்னையில் நடந்த ஒரு சோதனை பதில் சொன்னது.

ஆபீஸ் போகும் 531 பேர்

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு நடத்திய 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளியாயின. பங்கேற்ற 531 பேரும் வேலைக்குப் போகும் நடுத்தர வர்க்கத்தினர். வயது 35 முதல் 55. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த பரிசோதனையில் எல்லோருக்கும் பார்டர்.

இவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொன்றுக்கு உணவு, நடை பற்றிய திட்டமான ஆலோசனை. மூன்றாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதுக்கு இரண்டும்.

சுமார் இரண்டரை ஆண்டு கண்காணிப்பு. மூன்று ஆண்டுக் கணக்கில் பார்த்தபோது, பொது அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேர் முழு நீரிழிவுக்குப் போய்விட்டார்கள். இரண்டில் ஒருவருக்கு மேல்! 'பார்டர்தானே' என்ற அலட்சியத்துக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது.

உணவும் நடையும் மாற்றிய குழுவில் அது 39.3 சதவீதம். மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5. அதாவது, வாழ்க்கை முறை மாற்றம் மாத்திரைக்கு இணையாக வேலை செய்தது. அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. வேறு மாதிரி சொன்னால், ஆறேழு பேர் மாறினால் அவர்களில் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்குச் சர்க்கரையிலிருந்து தப்புகிறார்.

அப்படி என்ன கடுமையான திட்டம் கொடுத்தார்கள்? உட்கார்ந்த வேலை செய்பவர்கள் தினமும் 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். ஏற்கெனவே சைக்கிளிலோ நடந்தோ வேலைக்குப் போகிறவர்கள் அதையே தொடரலாம். சாப்பாட்டில் மொத்த அளவையும், தீட்டிய தானியத்தையும், எண்ணெயையும் குறைக்க வேண்டும். சர்க்கரையைத் தவிர்க்க வேண்டும். நார்ச்சத்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஜிம் இல்லை, பவுடர் இல்லை, பட்டினி இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நடந்த குழுவினருக்கு உடல் எடை சொல்லும்படி குறையவே இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. "ஒரு மாசம் நடந்தேன், அரை கிலோ கூட இறங்கல" என்று ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பதும் கூடுகிறது. எடை மெஷினுக்கு அது தெரியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒழுங்காக மாறியவர்களிலும் 39 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. மரபு, ஏற்கெனவே களைத்துப்போன கணையம் என்று காரணங்கள் பல. 2016-ல் வெளியான இன்னொரு சென்னை ஆய்வில், பார்டரில் இருந்த 578 பேரில் ஒரு பாதிக்கு வாழ்க்கை முறை வகுப்புகளும், தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அபாயம் 32 சதவீதம் குறைந்தது. ஆக, நடந்தும் சர்க்கரை வந்தால் அது யாருடைய தோல்வியும் இல்லை. மருத்துவர் மாத்திரை எழுதினால் வெட்கப்படவும் வேண்டாம்.

போன் நல்லதும் செய்யும்

தெரிந்தும் ஏன் தொடர முடிவதில்லை? பெரும்பாலானவர்களுக்குத் தகவலில் குறை இல்லை. குறைவது நினைவூட்டல்தான். இதையும் இங்கே சோதித்திருக்கிறார்கள்.

டாக்டர் ராமச்சந்திரன் குழுவின் அடுத்த ஆய்வு 2013-ல் வெளியானது. பார்டரில் இருந்த 537 ஆண்கள், எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். அனைவருக்கும் ஆரம்பத்தில் ஒரே ஆலோசனை. அதன்பிறகு ஒரு பாதிப் பேருக்கு மட்டும் வாரத்தில் சிலமுறை எஸ்எம்எஸ் போனது. நடப்பது, சாப்பிடுவது பற்றிய சின்னச் சின்ன நினைவூட்டல்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, எஸ்எம்எஸ் வராத குழுவில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு. வந்த குழுவில் 18 சதவீதம். அபாயம் 36 சதவீதம் குறைவு. அதுவும் வீடியோ, ஆப், வாட்ச் எதுவும் இல்லாத சாதாரண எஸ்எம்எஸ்.

ராத்திரி பன்னிரண்டு மணி வரை தூக்கத்தைத் தின்னும் அதே போனை இப்படியும் பயன்படுத்தலாம். ஒரு நண்பருடன் 'இன்னைக்கு நடந்தாச்சா?' என்று தினம் ஒரு மெசேஜ், மாலை 6 மணிக்கு ஒரு அலாரம். செலவு பூஜ்யம்.

தட்டில் எதை மாற்றுவது?

2025 செப்டம்பரில் ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு, நாடு முழுவதும் மக்களின் உணவை அலசி ஒரு முடிவை வெளியிட்டது. இந்தியர்கள் சராசரியாக எடுக்கும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தெற்கில் அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி.

இந்த ஆய்வில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரிசியை விட்டுவிட்டு கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தும் குறைய வேண்டும். 'நைட்ல சப்பாத்திதான்' என்று ஐந்து சப்பாத்தி சாப்பிடுபவர்களுக்கும், கம்பு தோசை என்ற தைரியத்தில் இரண்டு கூடுதலாகக் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு குறைப்பது? மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் 5 சதவீதப் புள்ளியைப் பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதத்துக்கோ பால் பொருட்களுக்கோ மாற்றினாலே அபாயம் குறைவதாக ஆய்வு காட்டியது. இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்றால் 100 கலோரி. சமைத்த சோற்றில் அது சுமார் 75 முதல் 80 கிராம். ஒரு கரண்டிச் சோறு! அந்தக் கரண்டிக்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல், அல்லது கெட்டிப் பருப்பு, அல்லது தயிர். இவ்வளவுதான் மாற்றம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கான மாதிரித் தட்டு இருக்கிறது. 2,000 கலோரிக்கு: தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைக்காத எடை. தட்டில் பாதி காயும் பழமும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் வீட்டுத் தட்டில் நடப்பது நேர் எதிர். சோறு மலை, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். அதைத் திருப்பிப் போடச் சில எளிய வழிகள்:

• சாம்பார் சாதத்தோடு உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் மாவுக்கு மாவே துணை. உருளைக்குப் பதில் பீன்ஸ், அவரை, கோஸ், கீரை.

• பொரியல், கூட்டை முதலில் சாப்பிட்டு, சோற்றுக்குப் பிறகு வாருங்கள். காயும் புரதமும் முன்னால் போனால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது.

• பாக்கெட் மாவுதான் வாழ்க்கை என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். நான்கு இட்லியை மூன்றாக்கி, சட்னியோடு ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பாரோ, ஒரு முட்டையோ சேருங்கள்.

• மாலை 6 மணிக்கு ஆபீஸிலேயே சுண்டல், வேர்க்கடலை, ஒரு கொய்யா. ராத்திரி 10 மணிப் பசி பாதியாகும். அப்போது பரோட்டா ஆர்டர் செய்யும் விரலும் கொஞ்சம் யோசிக்கும்.

காபி பற்றியும் ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 25 கிராமைத் தொட்டுவிடும். கூடுதல் பலன் வேண்டுமென்றால் இதற்குள் நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கான அளவே இதுதான். இனிப்போ ஜூஸோ சேர்வதற்கு முன்பே ஒதுக்கீடு முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவற்றில் உள்ள டானின் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாது.

தூக்கம் குறைந்தால் பசி கூடும்

'டயட் எல்லாம் பகல்ல சரியாத்தான் இருக்கு, நைட் ஆனா கன்ட்ரோல் போயிடுது.' இதற்கு மனக்கட்டுப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1999-ல் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவைத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸைக் கையாளும் அவர்களின் திறன் கணிசமாகக் குறைந்தது. 2004-ல் அதே குழு 12 பேரிடம் பசி ஹார்மோன்களை அளந்தது. இரண்டே இரவுத் தூக்கக் குறைவில், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. 'பசிக்குது' என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. பசி 24 சதவீதம் கூடியது. அதிலும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதுதான் ஆசை அதிகம் போனது.

சின்ன ஆய்வுகள்தான். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு பிரியாணி ஏன் அவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதற்கு இவை ஒரு விளக்கம் தருகின்றன. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். பயணம் குறையப்போவதில்லை, ஆபீஸ் நேரமும் மாறப்போவதில்லை. மிச்சம் வைக்க முடிவது, சாப்பிட்டபின் போனுக்குப் போகும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான். அதில் ஒரு மணி நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்தால் மறுநாள் தட்டும் தானாக மாறும்.

மனசும் அதே கணக்கில்தான்

சாப்பாடு, நடை, தூக்கம் மூன்றும் மனநிலையோடு பின்னிக்கிடக்கின்றன. டென்ஷனில் சுரக்கும் கார்டிசால் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மனம் சோர்ந்தால் நடக்கத் தோன்றாது, கை சிப்ஸ் பாக்கெட்டுக்குத்தான் போகும்.

'க்யூர்ஸ்' ஆய்வின் ஒரு பகுதியாகச் சென்னையில் 25,455 பேரிடம் கேள்வித்தாள் மூலம் மனச்சோர்வு பற்றிக் கேட்டார்கள். 2009-ல் வெளியான முடிவு: 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். மாடம்பாக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு ஷேர் ஆட்டோ நிறைந்தால் அதில் ஒருவர் இருக்கலாம்.

உணவை மாற்றினால் மனம் தேறுமா? ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜக்கா குழு 67 பேரிடம் இதைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டது. எல்லோருக்கும் மனச்சோர்வு, உணவுப் பழக்கமும் மோசம். ஒரு குழுவுக்கு 12 வாரம் காய், பயறு, பழம், மீன், கொட்டைகள் நிறைந்த உணவு ஆலோசனை. மற்றொன்றுக்குப் பேச்சுத் துணை. முடிவில் உணவுக் குழுவில் 32 சதவீதம் பேரும், பேச்சுத் துணைக் குழுவில் 8 சதவீதம் பேரும் மனச்சோர்விலிருந்து வெளியே வந்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். ஆகவே உணவு சிகிச்சைக்குத் துணை. அதற்கு மாற்று கிடையாது.

பசியா, களைப்பா என்று பிரித்துப் பார்க்க ஒரு சின்ன வழி. தட்டில் சோறும் பருப்பும் இருந்தாலும் சாப்பிடத் தோன்றினால் அது பசி. சாக்லேட் மட்டும்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றால் அது வேறு ஏதோ. பத்து நிமிடம் மாடியில் நடந்துவிட்டு வந்து திரும்பவும் கேட்டுப்பாருங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனம் சோர்ந்திருந்தால், பிடித்த விஷயங்களில்கூட ஈடுபாடு போய்விட்டால், தூக்கமும் பசியும் தாறுமாறாகிவிட்டால், அதை நடையும் கீரையும் சரிசெய்யும் என்று காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபர் முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டும்.

வீட்டில் யாருக்கு அந்த 30 நிமிடம்?

'தினமும் அரை மணி நேரம்' என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, அதே எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பும் பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்? கணவர் வாக்கிங் போய்விட்டு வந்து, எண்ணெய் குறைத்த கூட்டு கேட்டால் அதையும் அவரேதான் செய்ய வேண்டும்.

மதிப்பெண் கணக்கில் பெண்களுக்கு இடுப்பு வரம்பு 80 செ.மீ.யிலேயே ஆரம்பிக்கிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் பிரசவத்தோடு அதை மறந்துவிடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ஒரு வீட்டின் ஆரோக்கியத் திட்டம் காலையில் காய் நறுக்குவது யார் என்பதிலிருந்து தொடங்குகிறது. திங்கள், புதன், வெள்ளி ஒருவர் அடுப்பு, மற்றவர் நடை. செவ்வாய், வியாழன், சனி மாற்றி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். நடைமுறையில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம், பலன் அதிகம் தருவதும் இதுதான்.

நடக்க இடம் எங்கே?

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அதுவரை பேரூராட்சியாக இருந்த மாடம்பாக்கமும் அதில் சேர்ந்தது. பெயர் மாநகராட்சியானாலும் எல்லாத் தெருவிலும் நடைபாதை கிடையாது. மழைக்காலத்தில் பள்ளம், இரவில் நாய்கள் என்று சாக்குகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பல நியாயமான சாக்குகளும்கூட.

அதனால் 30 நிமிடத்தை உடைத்துவிடலாம். காலையில் ஏரி இருக்கும் பக்கமோ, சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோயில் வரையோ போய்வர 15 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆபீஸ் வளாகத்திலேயே 10 நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாடியில் 5 நிமிடம். ஏழு ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வந்த ஓர் அலசல், உட்கார்ந்திருப்பதற்கு இடையிடையே சில நிமிடங்கள் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படுவதாகச் சொல்கிறது. ரயிலில் போகிறவர்கள் ஸ்டேஷனில் படிக்கட்டைக் கணக்கில் சேர்க்கலாம்.

வாரத்துக்கு 150 நிமிடம், அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்சப் பரிந்துரை. ஐந்து நாள், தலா 30 நிமிடம் நடந்தால் முதல் பகுதி முடிந்தது. சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்றவை இரண்டாவதற்குப் போதும். ஏற்கெனவே இதய நோயோ மூட்டு வலியோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

இந்த வாரமே ஆரம்பிக்க

• இன்று இரவு: டேப் எடுத்து வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருடைய இடுப்பையும் அளந்து, மதிப்பெண் போட்டுப் பாருங்கள்.

• 60-ஐத் தாண்டியவர்கள்: இந்த வாரத்துக்குள் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம்.

• தட்டில்: ஒரு கரண்டிச் சோறு குறைவு, ஒரு கிண்ணம் பயறோ தயிரோ கூடுதல். மற்ற எதையும் இந்த வாரம் மாற்ற வேண்டாம்.

• போனில்: மாலை 6 மணிக்குச் சுண்டல் அலாரம், இரவு 11 மணிக்குத் தூக்க அலாரம், 'நடந்தாச்சா' என்று கேட்க ஒரு நண்பர்.

• அடுத்த வாரம்: நடை. யார் எந்த நாள் என்பதை ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அந்த 34 வயதுக்காரருக்கும் பிறந்தநாள் வரத்தான் போகிறது. 20 மதிப்பெண் ஏறத்தான் போகிறது. கேக்கைச் சாப்பிட்டுவிட்டு அன்று சாயங்காலமே நடக்க ஆரம்பித்தால், அதை மெல்ல மெல்லத் திருப்பி எடுத்துவிடலாம்.